ஆன்லைனில் வரும் விண்ணப்பத்தை அச்செடுத்துக் கோப்பில் வைக்கிறார்கள், இதை எப்படி நிறுத்துவது?

நடுமேசை:

வணக்கம். ஒரு அரசுத் துறையில் இடைநிலைப் பொறுப்பில் இருக்கிறேன். எந்தத் துறை என்பது வேண்டாம். இங்கே படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தங்கள் அலுவலகம் மாதிரியே தோன்றும் என்று நினைக்கிறேன்.

எங்கள் சேவைகளில் பெரும்பகுதியை ஆன்லைனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மக்கள் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆவணங்களை ஏற்றலாம், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். அலுவலகத்துக்குள்ளே மின்கோப்பு முறையும் வந்தது, அதாவது கோப்புகள் காகிதம் இல்லாமல் திரையிலேயே நகர வேண்டும். தொடக்க விழா, குத்துவிளக்கு, புகைப்படம் எல்லாம் ஆயிற்று. இப்போது உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

விண்ணப்பம் ஆன்லைனில் வருகிறது. தபால் பிரிவில் ஒருவர் அதைத் திறந்து இணைப்புகளோடு சேர்த்து அச்செடுக்கிறார். அந்தத் தாளில் வரவு முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, பிரிவுக்கு அனுப்புகிறார். பிரிவில் அதைக் கோப்பில் கோத்து, குறிப்பு எழுதி, மேலே கையெழுத்துக்கு வைக்கிறார்கள். கையெழுத்தாகி வந்ததும் உத்தரவை ஸ்கேன் செய்து மறுபடி ஆன்லைனில் ஏற்றுகிறார்கள். வெளியே இருந்து பார்க்கும் ஆளுக்கு 'மின்னணு முறையில் வழங்கப்பட்டது' என்று திரையில் வரும். ஆக, முன்பு ஒரு வேலையாக இருந்தது இப்போது இரண்டு வேலை. காகிதச் செலவும் ஏறியிருக்கிறது, ஏனென்றால் முன்பு மக்கள் தங்கள் காசில் நகல் எடுத்துக் கொண்டு வந்தார்கள், இப்போது நாங்கள் எடுக்கிறோம்.

பயிற்சி ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொடுத்தாயிற்று. மென்பொருள் நிறுவனத்தைக் கேட்டால் 'ஊழியர்கள் மாற்றத்தை ஏற்க மறுக்கிறார்கள்' என்கிறார்கள். மேலதிகாரி ஒருவர் பிரிண்டர்களை எல்லாம் எடுத்துவிடலாம் என்கிறார், விளையாட்டாகச் சொல்லவில்லை. மாதாந்திர அறிக்கையில் பயன்பாடு நூறு சதவீதம் என்று போகிறது, அதுவும் பொய் இல்லை, எல்லா விண்ணப்பமும் ஆன்லைனில்தானே வருகிறது!

வயதானவர்கள் அதிகம் என்பதாலா, பயமா, சோம்பலா, வேறு ஏதாவதா? இதே நிலைமையைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். 'விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைச் சொல்ல எங்களிடமே ஆட்கள் இருக்கிறார்கள்.

*

பழைய தணிக்கை:

பிரிண்டரில் கை வைக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்தத் தபால் பிரிவுக்காரரிடம் போய் 'இந்தத் தாளைப் பின்னால் யார் வந்து கேட்பார்கள்?' என்று மட்டும் கேளுங்கள். 'ஏன் அச்செடுக்கிறாய்' என்று கேட்டால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். யார் கேட்பார்கள் என்று கேட்டால் பெயர் சொல்லிப் பதில் வரும்.

அந்தப் பெயர்களில் ஒன்று என்னுடையதாக இருந்திருக்கும். பணிக்காலம் முழுக்கத் தணிக்கையில் இருந்தவன் நான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி 'அசலைக் காட்டுங்கள்' என்பதுதான். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு எது அசல்? சர்வரில் இருக்கும் பதிவா, அச்செடுத்த தாளா, விண்ணப்பதாரர் கையில் இருக்கும் சான்றிதழா? உங்கள் துறையில் யாராவது இதை எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன். அது எழுதப்படாதவரை தாளை வைத்திருப்பவன் தப்பித்தான், வைக்காதவன் பத்து வருடம் கழித்து, ஓய்வு பெறும் நேரத்தில், தணிக்கை அறிக்கையில் தன்னைக் குறைசொல்லும் ஒரு பத்திக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பான். அவர் அச்செடுப்பது சோம்பலால் இல்லை சார். சோம்பேறி இரண்டு வேலை பார்ப்பானா?

விதிகளில் ஒளிந்திருந்து காகிதத்தைக் கேட்கும் சொற்களும் லேசானவை இல்லை. 'கையொப்பமிட்டு', 'நேரில் முன்னிலையாகி', 'மூன்று பிரதிகளில்', 'முத்திரையிட்டு' என்று சாதாரணமாக இருக்கும், கண்ணில் படாது. ஜப்பானில் 2021இல் டிஜிட்டல் விவகாரங்களுக்கென்றே ஒரு அமைப்பை உருவாக்கினார்கள். அதன் அமைச்சர் மறு வருடம் விதிகளைத் தோண்டியபோது ஃபிளாப்பி, சிடி மாதிரியான பொருட்களில்தான் தகவல் தர வேண்டும் என்று சொல்லும் இடங்கள் சுமார் 1,900 இருப்பதாகத் தெரிய வந்தது. ஃபிளாப்பிக்கான விதிகள் ஏறக்குறைய எல்லாம் ஒழிந்தது 2024 நடுவில்தான். அங்கே கம்ப்யூட்டருக்கோ அது தெரிந்த ஆளுக்கோ என்ன குறைச்சல்? விதியில் அப்படி இருந்தது, அதனால் தொடர்ந்தது.

ஜெர்மனி இன்னும் பொருத்தமான உதாரணம். 2017இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2022 முடிவதற்குள் அரசுச் சேவைகள் எல்லாம் ஆன்லைனில் கிடைக்க வேண்டும் என்று. 575 சேவைத் தொகுப்புகளாகப் பட்டியல் போட்டார்கள். மத்திய அரசு, மாநிலங்கள், ஆயிரக்கணக்கான உள்ளாட்சிகள் என்று அதிகாரம் பிரிந்து கிடக்கும் நாடு அது, யார் செய்வது, யார் பணம் போடுவது என்பதிலேயே காலம் போயிற்று. கெடு தவறியது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தச் சட்டம் கேட்டது மக்கள் பக்கத்துப் படிவத்தைத்தான், அலுவலகத்துக்குள் வேலை எப்படி நகர வேண்டும் என்பதை அது பெரிதாகத் தொடவில்லை. அதனால் பல இடங்களில் ஆன்லைன் படிவம் பிடிஎஃபாக வந்து இறங்கியது, ஊழியர் அதை அச்செடுத்தார். உங்கள் கதைதான்.

*

கவுண்டர் நான்கு:

நான் அந்தத் தபால் பிரிவு மாதிரியான இடத்தில் வேலை செய்பவள். 'மாற்றத்தை ஏற்க மறுக்கிறார்கள்' என்ற வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பிரிவில் ஓய்வுக்கு நெருங்கிய ஒரு அண்ணன் இருக்கிறார், வீட்டு மின்கட்டணம், பேத்தியின் பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை எல்லாம் போனிலேயே கட்டுகிறார். அலுவலக மென்பொருளைத் திறக்கச் சொன்னால் மட்டும் முகம் மாறும். ஏன் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சியில் காட்டுவது எல்லாம் சுத்தமான மாதிரி விண்ணப்பம். பெயர் பொருந்தும், தேதி பொருந்தும், இரண்டு கிளிக்கில் முடியும். நிஜத்தில் வருவது எப்படி இருக்கும் தெரியுமா? அடையாள அட்டையில் இனிஷியல் பின்னால், சான்றிதழில் முன்னால், மூன்றாவது ஆவணத்தில் இனிஷியலே விரிந்து அப்பா பெயராக நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான், பார்த்த உடனே எனக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. 'பொருந்தவில்லை' என்று சிவப்பு. 'விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேள்' என்று ஒரு பொத்தான் இருந்தால் முடிந்துவிடும், அது கிடையாது. ஒன்று ஏற்க வேண்டும், இல்லையென்றால் நிராகரிக்க வேண்டும். அதனால் என் சொந்த போனில் அவரைக் கூப்பிட்டுப் பேசி, தாளில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறோம். அந்தக் குறிப்புக்குத் திரையில் இடம் இல்லை, கோப்பில் இடம் இருக்கிறது. நடுமேசை சார், உங்கள் ஆட்கள் அச்செடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கட்டாயப் பெட்டிகள். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. எங்களிடம் தகவல் இல்லை. ஒரு புள்ளி வைத்தால் போய்விடும். எல்லோரும் புள்ளி வைக்கிறோம். பிறகு மேலே இருந்து 'தரவுத் தரம் மோசம்' என்று கடிதம் வரும்.

இதைவிடப் பெரிய கூத்து நாள் கணக்கு. விண்ணப்பம் வந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். கெடு தாண்டினால் அதிகாரியின் திரையில் எங்கள் பிரிவு சிவப்பாகிவிடும், மாதக் கூட்டத்தில் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். சர்வர் படுத்துக் கிடந்த நாளும் கணக்கில் சேரும். இதற்கு ஊழியர்கள் கண்டுபிடித்த வழி என்னவென்றால், கெடு முடியும் நாளில் ஏதாவது ஒரு ஆவணம் தெளிவாக இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது. விண்ணப்பதாரர் மறுபடி ஏற்றினால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அறிக்கையில் பச்சை. அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் அதே ஆவணத்தை மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புகிறார். இது தப்புதான், நான் நியாயம் பேசவில்லை. ஆனால் பச்சைக்கு மதிப்பெண் கொடுத்தால் பச்சைதான் கிடைக்கும்.

டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிகாரியின் கையொப்ப டோக்கன் (கணினியில் செருகிக் கையெழுத்துப் போடும் சின்னக் கருவி) எங்கே இருக்கும்? அவருடைய எழுத்தரின் மேசை இழுப்பறையில். ஓடிபி அதிகாரியின் போனுக்கு வரும், அவர் கூட்டத்தில் இருப்பார், எழுத்தர் கூப்பிட்டு 'ஓடிபி சொல்லுங்க சார்' என்பார். சட்டப்படி கையெழுத்துப் போட்டது அதிகாரி. நிஜத்தில் போட்டது யார்? நாளைக்குப் பிரச்சினை வந்தால் மாட்டப் போவது யார்? இதைத் தெரிந்த எழுத்தர் பச்சை மையில் ஒரு கையெழுத்தைத் தாளிலும் வாங்கி வைத்துக்கொள்கிறார். புத்திசாலி.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் அப்பாவிகள் இல்லை. கோப்பு யார் மேசையில் தூங்குகிறது என்று வெளியே தெரியாமல் இருப்பது சிலருக்குச் சௌகரியமாக இருந்தது, வருமானமாகவும் இருந்தது. அவர்கள் மென்பொருளைத் திட்டுவதும் நாங்கள் திட்டுவதும் காதில் ஒரே மாதிரிதான் விழும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மேலதிகாரி வேண்டும்.

*

நிரல் பக்கம்:

நான் எதிர்த் தரப்பு, அரசுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களில் வேலை பார்த்தவன். கவுண்டர் நான்கு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்த 'விளக்கம் கேள்' பொத்தான் ஏன் இல்லை என்று சொல்கிறேன்.

தேவைகளைக் கேட்டு எழுதும் கூட்டங்களுக்கு வந்தவர்கள் யாரும் அந்தத் திரை முன்னால் உட்காரப் போகிறவர்கள் இல்லை. அதிகாரிகள் வருவார்கள், விதியில் இருப்பதைச் சொல்வார்கள், விதியில் ஏற்பது, நிராகரிப்பது என்று இரண்டுதான் இருக்கும். தலையணை தடிமனில் ஒரு ஆவணம் தயாராகும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், அதற்குப் பிறகு அதில் ஒரு வரி மாறினாலும் கூடுதல் பணம். அந்தப் பொத்தானை ஊழியர் யாராவது பிறகு கேட்டிருப்பார், நிறுவனம் விலை சொல்லியிருக்கும், ஒப்புதல் வாங்க வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார், புதிதாக வந்தவர் 'முதலில் இதை ஏன் செய்தோம்' என்பதிலிருந்து ஆரம்பித்திருப்பார். இது ஊகம்தான், ஆனால் பார்த்துப் பார்த்துச் சலித்த ஊகம்.

பணம் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மென்பொருளில் ஒரு பகுதி முடிந்தால் இவ்வளவு, தொடக்க விழா நடந்தால் இவ்வளவு. விழா முடிந்த மறுநாள் நல்ல ஆட்களை அடுத்த திட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். காகிதம் இல்லாமல் எத்தனை விண்ணப்பம் முடிந்தது என்பதற்கு ஒரு ரூபாய் கிடையாது. அப்புறம் நிறுவனம் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

பெரிய நாடுகளுக்கும் இதே வியாதிதான். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான அரசு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறு பேர். ஆறு லட்சம் இல்லை, ஆறு. 50க்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் வேலை செய்தன, ஆனால் எல்லாம் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்க்கும் ஒற்றைப் பொறுப்பாளர் என்று யாரும் தெளிவாக இல்லை. பிறகு வெளியிலிருந்து ஒரு சின்னக் குழுவைக் கொண்டுவந்து, தினமும் எல்லோரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்து, என்ன உடைந்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் சரிசெய்தார்கள். அந்த அனுபவத்தின் பின்னால்தான் 2014இல் அரசுக்குள்ளேயே நிரலாளர் குழுக்களை அமைத்தார்கள். பிரிட்டன் அதற்கும் முன்பே, 2011இல், அப்படி ஒரு குழுவை அமைத்துவிட்டது. துறைக்கொரு தளம் என்றிருந்ததை 2012இலிருந்து ஒரே தளமாக மாற்றத் தொடங்கினார்கள், நன்றாகவே வந்தது.

ஆனால் அதே பிரிட்டனில் எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரே அடையாளச் சரிபார்ப்பு என்று 2016இல் கொண்டுவந்தது ஊற்றிக்கொண்டது. 2020க்குள் இரண்டரைக் கோடிப் பேர் என்று இலக்கு வைத்தார்கள், அதன் பக்கத்திலேயே போகவில்லை, 2023இல் மூடிவிட்டார்கள். தொழில்நுட்பக் கோளாறு ஒரு பங்கு என்றால் துறைகள் அதைத் தங்களுடையதாக நினைக்காதது பெரிய பங்கு. வரித்துறை தன்னுடைய பழைய லாகினை விடவே இல்லை. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் சரிதானே? வேறு ஒருவர் நடத்தும் கதவு பழுதானால் வரி கட்ட முடியாதவர் வந்து திட்டப் போவது வரித்துறையைத்தான்.

*

இரண்டாம் பிரதி:

எல்லோரும் காகிதத்தை ஒழிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவன், கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன்.

2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றன. அதைவிட மோசமானது, அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த பொதுச் சேமிப்பகம் முழுசாக எரிந்துபோனது, 858 டெராபைட். வேறு இடத்தில் பிரதி கிடையாது. ஏன் இல்லை என்று கேட்டதற்கு அளவு ரொம்பப் பெரியது என்று பதில் வந்தது. டிஜிட்டல் அரசுக்கு முன்மாதிரி என்று எல்லோரும் காட்டும் நாடு அது. தபால் பிரிவுக்காரர் வைத்திருக்கும் தாளைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் உங்கள் சர்வரின் பிரதி எங்கே இருக்கிறது, அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டெடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம், ஊழியர் தயங்குவது எப்போதும் தடையாக இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் நலத்திட்டப் பணம் வாங்கியவர்களிடம் 'அதிகமாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கொடு' என்று தானாகவே கணக்குப் போட்டு அனுப்பும் முறையை 2016இல் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். ஆண்டு வருமானத்தை எடுத்து இரண்டு வாரங்களுக்கு இவ்வளவு என்று சராசரி போட்டது அது. வருடத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் இருந்து உதவி வாங்கியவருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? முன்பு ஒரு ஊழியர் பார்த்து 'இது சரியில்லையே' என்று நிறுத்திவிடக்கூடிய இடம் அது, அந்தப் படியையே எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த ஊழியர்கள் சொன்னார்கள், கேட்கவில்லை. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்மேல் இல்லாத கடன் விழுந்தது. 2023இல் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தபோதுதான் யார் யார் என்ன தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள் என்பது வெளியே வந்தது.

பிரிட்டிஷ் தபால் நிலையக் கணக்கு மென்பொருள் விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கம்ப்யூட்டர் காட்டிய பற்றாக்குறையை நம்பி 900க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்களைக் குற்றவாளிகள் ஆக்கினார்கள். அங்கே நீதிமன்றமே, வேறு ஆதாரம் வராதவரை கம்ப்யூட்டர் சரியாகத்தான் ஓடுகிறது என்ற அனுமானத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளும் எழுத்தரை நான் பழமைவாதி என்று சொல்ல மாட்டேன்.

*

நிரல் பக்கம்:

இரண்டாம் பிரதி சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொரியாவில் நடந்ததற்குப் பதில் இன்னொரு தரவு மையம்தானே தவிர அலமாரி இல்லை. அலமாரியும் எரியும், கரையான் அரிக்கும், வெள்ளத்தில் போகும், அதற்குச் செய்தியில் இடம் கிடைக்காது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியா விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

கனடாவையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் சம்பளத்துக்கு 2016இல் புது மென்பொருள் போட்டார்கள். வருடத்துக்குப் பல கோடி டாலர் மிச்சம் என்று கணக்கு. அந்த மிச்சத்தைக் காட்டுவதற்காக, பல துறைகளில் இருந்த அனுபவமுள்ள சம்பளப் பிரிவு ஆட்களைக் குறைத்து ஒரே ஊரில் புது மையம் வைத்தார்கள், மென்பொருள் ஓடும் என்று உறுதியாகும் முன்பே. யாருக்கு விடுப்புச் சம்பளம் எப்படி, பதவி உயர்வு நடுமாதத்தில் வந்தால் என்ன என்பதெல்லாம் அந்த ஆட்களின் தலையில் இருந்த அறிவு. லட்சக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் குறைவாக, கூடுதலாக, சிலருக்கு வராமலே போயிற்று. சரிசெய்யும் செலவு மிச்சக் கணக்கை எல்லாம் விழுங்கிவிட்டது. கவுண்டர் அக்கா மாதிரி ஆட்களின் தலையில் இருப்பதை முதலில் திரைக்குள் கொண்டுவராமல் அவர்களை நகர்த்தினால் அதுதான் நடக்கும்.

*

நடுமேசை:

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. பழைய தணிக்கை சார் சொன்னபடியே போய்க் கேட்டேன். 'யார் கேட்பார்கள்' என்றதும் அந்த ஊழியர் யோசிக்கவே இல்லை, தணிக்கை கேட்கும், நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் அரசு வழக்கறிஞர் கேட்பார், அப்புறம் எங்கள் மேலதிகாரி கேட்பார், அவர் திரையில் படிக்க மாட்டார் என்றார். பிரிண்டரை எடுத்துவிடலாம் என்று சொன்ன அதே அதிகாரி! உள்ளே வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் வரவு முத்திரை இருக்க வேண்டும் என்று ஒரு பழைய சுற்றறிக்கையையும் எடுத்துக் காட்டினார். மின்கோப்பு வந்தபோது அதை யாரும் ரத்து செய்யவில்லை. திரைக்கு முத்திரை குத்த முடியாது என்பதால் அச்செடுத்துக் குத்துகிறார்கள்.

கவுண்டர் நான்கு சொன்ன புள்ளியும் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், நெடுக்க வரிசையாகப் புள்ளி.

சரி, இப்போது எங்கிருந்து ஆரம்பிப்பது? எல்லாச் சேவைக்கும் ஒரேயடியாக உத்தரவு போடும் அதிகாரம் எனக்கு இல்லை.

*

பழைய தணிக்கை:

எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒரு சேவையை எடுங்கள். எண்ணிக்கை அதிகமாக இருக்க வேண்டும், வழக்கு, தகராறு குறைவாக இருக்க வேண்டும், வேறு துறையின் ஒப்புதல் தேவைப்படக் கூடாது. நிலம், வாரிசு மாதிரி நீதிமன்றப் படியேறும் விஷயங்களின் பக்கமே இப்போது போகாதீர்கள்.

அப்புறம் தணிக்கை, சட்டப் பிரிவு, ஆவணப் பிரிவு மூன்று பேரையும் ஒரே அறையில் உட்காரவையுங்கள். தனித்தனியாகக் கடிதம் போட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்கச் சொல்லி எழுதுவார்கள், அந்தக் கடிதப் போக்குவரத்தே ஒரு கோப்பாகிவிடும். அந்த அறையில் முடிவாக வேண்டியது கொஞ்சம்தான்: இந்தச் சேவைக்கு சர்வரில் இருக்கும் பதிவே அசல், இன்ன தேதிக்குப் பிறகு அச்செடுத்த தாள் கோப்பில் சேராது, பழைய சுற்றறிக்கை இந்தச் சேவையைப் பொறுத்தவரை ரத்து, பதிவை இத்தனை வருடம் காக்க வேண்டிய பொறுப்பு இன்ன பதவியில் இருப்பவருக்கு. கையெழுத்துப் போடுபவர் மேலதிகாரியாகவே இருக்கட்டும். உங்கள் நாட்டுச் சட்டம் மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்கிறதா, எந்த நிபந்தனையோடு ஏற்கிறது என்பதைச் சட்டப் பிரிவு ஒரு பத்தியில் எழுதித் தரட்டும். பெரும்பாலான நாடுகளில் அந்தச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அலுவலகக் கையேடுதான் இன்னும் அதைப் படிக்கவில்லை.

எஸ்தோனியாவை எல்லோரும் புகழ்வார்கள். சுமார் 13 லட்சம் பேர் உள்ள நாடு, நம்மோடு ஒப்பிட முடியாது என்று உடனே இன்னொருவர் சொல்வார். அளவு வேறுதான், ஆனால் வரிசையைப் பாருங்கள். 2000இல் டிஜிட்டல் கையொப்பத்துக்குக் கையெழுத்துக்குச் சமமான மதிப்பு என்று சட்டம் போட்டார்கள். 2001இல் துறைகளின் தரவுத்தளங்கள் ஒன்றோடு ஒன்று பேசும் இணைப்பு வந்தது. 2002இல்தான் சிப் வைத்த அடையாள அட்டை மக்கள் கைக்குப் போனது. 2017இல் அந்தச் சிப்பிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு லட்சக்கணக்கான அட்டைகளின் சான்றிதழை நிறுத்த வேண்டி வந்தது, ஆனாலும் யாரும் காகிதத்துக்குத் திரும்பவில்லை, சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு தொடர்ந்தார்கள். டென்மார்க்கில் 2018இலிருந்து புதுச் சட்டம் எழுதும்போதே அது டிஜிட்டலில் ஓடுமா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். நாம் மென்பொருளை முதலில் வாங்கிவிட்டுச் சட்டத்தைப் பிறகு தேடுகிறோம்.

*

கவுண்டர் நான்கு:

மேலதிகாரி திரையில் படிக்க மாட்டார் என்றால் மற்றதெல்லாம் வீண். அவருக்குப் பெரிய திரை ஒன்று வாங்கிக் கொடுங்கள், எழுத்து சின்னதாக இருப்பதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், உண்மையில் அதுதான் பல இடங்களில் காரணம். ஓடிபியை அவரே போடட்டும். கூட்டத்தில் இருந்தால் கோப்பு காத்திருக்கட்டும், அவர் பெயரில் சிவப்பாகட்டும்.

உத்தரவு போடும்போது சர்வர் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் முதல் முறை சர்வர் படுத்ததும் பழைய பதிவேடு வெளியே வரும், பிறகு உள்ளே போகாது.

*

நிரல் பக்கம்:

சர்வர் படுத்த நாளைக் கெடுவில் சேர்க்காமல் விடுவது கடினமே இல்லை. சர்வர் நின்றிருந்த நேரம் பதிவாகத்தான் செய்கிறது, அதைக் கெடுவிலிருந்து கழிக்கச் சொன்னால் கழித்துவிடலாம். திருப்பி அனுப்பினால் கடிகாரம் பூஜ்யமாகாமல், நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள், அக்கா சொன்ன அந்த வேலை அன்றோடு நின்றுவிடும். 'விளக்கம் கேள்' பொத்தானும், குறிப்பு எழுத ஒரு இடமும். கட்டாயப் பெட்டிகளில் புள்ளி மட்டும் இருப்பவை எத்தனை என்று ஒரு கணக்கு எடுக்கச் சொல்லுங்கள், அதிகம் புள்ளி விழுந்த பெட்டிகளைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிடலாம், யாருக்கும் அவை தேவைப்பட்டிருக்காது.

தணிக்கைக்கு எதையும் மாற்ற முடியாத, பார்க்க மட்டும் முடிகிற தனி லாகின் கேளுங்கள். நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கொடுத்து 'இதில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார்கள், வாங்காதீர்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவும் அந்த லாகினில் தெரிய வேண்டும். இவை எல்லாவற்றையும் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன்னால் எழுத்தில் கொடுங்கள், கையெழுத்தான பிறகு கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்வார்கள்.